விலை உயர்ந்தால் குறி தப்பாதா?

மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரம் அளக்கும் கருவியை, வாங்கலாம் என்று வழிகாட்ட எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் சாரம் இரண்டே வரிதான். 500 டாலருக்குக் கீழே விற்பதெல்லாம் விளையாட்டுச் சாமான், வாங்காதே. அதற்கு மேல் கொடுக்க வசதியில்லை என்றால் கருவியே வேண்டாம், அந்தக் காலத்து வேட்டைக்காரர்களைப் போலக் கண்ணால் அளந்து சுடு. முதல் வரி தவறு. இரண்டாம் வரி கொடுமை. அதை நம்பிக் காட்டுக்குள் போகிறவருக்குக் குறி பிசகினால், குடல் கிழிந்தோ கால் முறிந்தோ புதருக்குள் போய்ப் படுத்து விடியவிடியச் சாவது மான். எழுதியவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதனால் இந்தப் பதிலில் நான் தயவு காட்டப் போவதில்லை.

வாசகர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு விளக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே பேச்சு அமெரிக்காவைப் பற்றியது. மாநில அரசிடம் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, அனுமதித்த எண்ணிக்கைக்குள் நடக்கும் வேட்டை அது. அங்கே குடியேறிய தமிழர்களில் சிலர் இப்போது இதில் இறங்குகிறார்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தர அப்பாவோ மாமாவோ இல்லாதவர்கள். எழுத்தில் வருவதைத்தான் நம்புகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதும்போது பொறுப்பு வேண்டும்.

கட்டுரையாளரின் வாதம் முழுவதும் பெட்டியின் முகப்பில் அச்சடித்த எண்ணின் மேல் நிற்கிறது. 600 கெஜம் என்று போட்டிருந்தால் உதவாது, 1,000 என்றால் சுமார், 2,000 என்றால் உருப்படி என்று வரிசை கட்டுகிறார். அந்த எண் எதன் மேல் ஒளியைப் பாய்ச்சி எடுத்தது என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவருடைய வரிசையே நின்றிருக்காது.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் செய்யும் வேலை இதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில், துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. எதிரே இருப்பதில் பட்டு அது திரும்பி வர எடுத்த நேரத்தை எண்ணுகிறது. 300 கெஜம் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறக்குறைய 1.8 மைக்ரோ விநாடி ஆகும். இந்த எண்ணிக்கையில் மலிவுக் கருவி ஒன்றும் மட்டம் இல்லை. 150 டாலர் கருவியும் தூரத்தைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் ஒரு கெஜம் முன்பின் சரியாகத்தான் காட்டும். விலை ஏற ஏறக் கூடுவது, மங்கித் திரும்பும் ஒளியையும் பிடித்துக்கொள்ளும் திறன். சாலையோரத்துப் பலகை பட்ட ஒளியைத் தெளிவாகத் திருப்பி அனுப்பும். மரப்பட்டையிலிருந்து அதில் ஒரு பங்குதான் வரும். மானின் ரோமமோ பட்டதைச் சிதறடித்துவிடும்.

முகப்பில் இருக்கும் பெரிய எண் அந்தப் பலகைக்கு உரியது. பெட்டியின் பின்பக்கத்தையோ உள்ளே இருக்கும் தாளையோ படித்தால் மரத்துக்கு ஓர் எண், மானுக்கு ஓர் எண் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். மானுக்கான எண் பெரும்பாலும் முகப்பு எண்ணில் பாதி அளவில் இருக்கும், சில கருவிகளில் அதற்கும் கீழே. உச்சி வெயிலில் அது இன்னும் குறையும், ஏனென்றால் சூரிய ஒளியும் கருவிக்குள் புகுந்து கலக்கும். மேகமூட்டத்திலும் அந்தியிலும் கூடும். ஆக, 2,000 என்று போட்ட கருவியை வாங்குகிறவர் 2,000 கெஜத்தில் மானை அளக்கப் போவதில்லை. 600 என்று போட்ட கருவி 250 கெஜத்தில் நிற்கும் மானைப் பெரும்பாலும் கைவிடப் போவதும் இல்லை. வாங்குகிறவர் கேட்க வேண்டியது மானுக்கான எண் என்ன என்பதை. கட்டுரையாளர் அந்த எண்ணை ஒரு கருவிக்குக்கூடத் தரவில்லை. வேட்டைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, மானைத் தவிர மற்ற எல்லாவற்றுக்குமான தூரத்தைக் கொடுத்திருக்கிறார்.

அடுத்தது, எவ்வளவு தூரம் நமக்கு வேண்டும் என்ற கேள்வி. இதை அவர் தொடவே இல்லை. இதற்கு விடை காணாமல் விலை பேசுவதில் பொருளே இல்லை.

விஸ்கான்சினின் காடுகளில் வெள்ளைவால் மானைச் சுடும் தூரம் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள். மரமும் புதரும் அதற்கு மேல் பார்வையை விடுவதில்லை. சோளக்கொல்லை ஓரத்தில் உட்கார்ந்தால் 200, 250 வரை போகலாம். ஓஹையோவில் சட்டமே தூரத்தைக் கட்டிவைத்திருக்கிறது. கழுத்துக் குறுகிய வேகத் தோட்டா போடும் ரைபிளுக்கு மான் வேட்டையில் அங்கே இடமில்லை. ஷாட்கன் எடுக்கலாம், ரைபிள் என்றால் நேர்ச்சுவர்த் தோட்டா போடுவதாக இருக்க வேண்டும். 2019இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .350 லெஜெண்ட் அந்த வகை. 200 கெஜத்தைத் தாண்டினால் அது வேகமும் வலுவும் இழந்து விழும். அந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 2,000 கெஜக் கருவி வாங்கு என்று சொல்வது அவருடைய பணத்தைப் பறிப்பதற்குச் சமம்.

ரைபிளின் கணக்கையும் பார்த்துவிடுவோம். .308 வின்செஸ்டரில் 150 கிரெய்ன் குண்டைப் போட்டு 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்துவைத்தால், 100 கெஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் மேலே போகும், 250 கெஜத்தில் மூன்றரை, நான்கு அங்குலம் கீழே விழும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி எட்டு முதல் பத்து அங்குலம் வரை அகலமானது. அதாவது 250 கெஜம் வரை நடுநெஞ்சைப் பார்த்துச் சுட்டால் போதும். அதற்குள் மான் சரியாக எத்தனை கெஜத்தில் நிற்கிறது என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. 250க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல 150 டாலர் கருவி தாராளமாகப் போதும். அந்தப் பக்கம் என்று வந்தால் விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மலிவுக் கருவி ஒரு புது வேட்டைக்காரருக்குச் செய்யும் பெரிய உதவி அதுதான்.

வில்காரருக்குக் கதை வேறு. அவருக்கு ஐந்து கெஜம் பிசகினாலே ஆபத்து, பத்து பிசகினால் நிச்சயம். விநாடிக்கு 280 அடி வேகத்தில் அம்பு விடும் காம்பவுண்ட் வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மான் 30 கெஜத்தில் நிற்பதாக நினைத்து விட்டு, அது உண்மையில் 40இல் நின்றால், அம்பு எட்டு அங்குலம் கீழே போய்ப் படும். நெஞ்சுக்குக் குறிவைத்தது முன்னங்காலையோ மார்புக்கு அடியில் இருக்கும் தோலையோ கிழிக்கும். காட்டுக்குள் 30ஐயும் 40ஐயும் வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ஆகவே எல்லோரையும்விட ரேஞ்ச்ஃபைண்டர் அவசியமாகத் தேவைப்படுவது வில்காரருக்கு. அவருக்கு வேண்டியதோ வெறும் 60 கெஜம். கடையில் இருப்பதிலேயே மலிவானதும் அதை அளந்துவிடும். இவரிடம் போய் 500 டாலர் இல்லையென்றால் கண்ணால் பார்த்து விடு என்கிறார் கட்டுரையாளர். முழுக் கட்டுரையிலும் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் இதுதான்.

வில்லிலேயே பொருத்திக்கொள்ளும் லேசர் குறிகாட்டியையும் அவர் பரிந்துரைக்கிறார். கொலராடோவில் மின்கலத்தில் ஓடும் அப்படிப்பட்ட சாதனத்தை வில்லில் மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவது விதிமீறல், வேறு சில மேற்கு மாநிலங்களிலும் அப்படியே. கையில் பிடித்து அளக்கும் கருவிக்குத் தடையில்லை. பல நூறு டாலர் செலவழித்து ஒருவர் அபராதத்தை விலைக்கு வாங்கும்படி எழுதியிருக்கிறார்.

பெரிய எண்ணின் மேல் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் தெரிகிறது. நல்ல கருவியும் அதற்குள் குண்டின் கணக்கைப் போட்டுத் தரும் மென்பொருளும் இருந்தால் 600 கெஜத்திலும் மானை வீழ்த்தலாம் என்கிறார். இது பொய்யான நம்பிக்கை. 600 கெஜம் போக அந்த .308 குண்டுக்கு முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். மான் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும், நெஞ்சுக்குப் போன குண்டு வயிற்றில் இறங்கும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று குண்டை இரண்டு அடிக்கு மேல் ஒதுக்கிவிடும். நடுவழியில் இருக்கும் பள்ளத்திலும் மேட்டிலும் காற்று எப்படித் திரும்புகிறது என்பதை எந்த ரேஞ்ச்ஃபைண்டரும் அளக்காது. தூரம் துல்லியமாகத் தெரிந்தாலும் மற்றதெல்லாம் தெரியாமல் போவதுதான் நெடுந்தூரச் சூட்டின் ஆபத்து. தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய போன் அண்ட் க்ராக்கெட் கிளப், எத்தனை தூரத்தில் அடிக்க முடியும் என்று பார்ப்பதற்காக உயிருள்ள விலங்கின் மேல் சுடுவது முறையான வேட்டை ஆகாது என்று நிலைப்பாடே எடுத்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் வேட்டை நெறி பேசிவரும் அமைப்பு சொன்னதை ஒதுக்கிவிட்டு, முதல் பருவத்துக்கு வந்தவரை 600 கெஜத்துக்குத் தூண்டிவிடுகிறார் இவர்.

சிக்கனம் பேச வந்த ஒரே இடத்தில் அவர் சொன்ன யோசனை இன்னும் மோசம். வீட்டில் கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் அதையே எடுத்துப் போ, இரண்டும் ஒன்றுதான் என்கிறார். இரண்டும் ஒன்றல்ல, இரண்டு விதத்தில் எதிரானவை. கோல்ஃப் மைதானத்தில் கொடிக்கம்பம் முன்னால் இருக்கும், மரங்கள் பின்னால். அதனால் அந்தக் கருவி பல எதிரொலிகளில் முன்னால் உள்ளதைத் தேர்ந்துகொள்ளும்படி அமைந்தது. காட்டில் கிளையும் புல்லும் முன்னால், மான் பின்னால். அங்கே பின்னால் உள்ளதைத் தேர்ந்துகொள்ளும் கருவி வேண்டும். கோல்ஃப் கருவியோ 22 கெஜத்தில் இருக்கும் கிளையைக் காட்டிவிட்டு 35 கெஜத்து மானை விட்டுவிடும்.

இன்னொன்று சரிவுக் கணக்கு. மேட்டை நோக்கி அடிக்கும் கோல்ஃப் பந்துக்குக் கூடுதல் விசை வேண்டும், ஆகவே அந்தக் கருவி மேட்டுக்கு அளவைக் கூட்டிச் சொல்லும். குண்டுக்கும் அம்புக்கும் மேட்டிலும் பள்ளத்திலும் கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. இரண்டு பக்கமும் அளவு குறையத்தான் வேண்டும். மலைச்சரிவில் மேலே நிற்கும் மானுக்குக் கோல்ஃப் கருவி கூட்டிச் சொன்னதை நம்பினால் குண்டு முதுகுக்கு மேலே பறக்கும். சரிவுக் கணக்கை அணைத்துவைக்கவும், முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்று மாற்றவும் வசதி இருந்தால் பிரச்சினை பாதியாகக் குறையும். அதைச் சோதித்துப் பார் என்று ஒரு வார்த்தையாவது எழுதியிருக்க வேண்டாமா?

கோணத்தைப் பற்றி அவர் எழுதியதில் பாதி சரி. கோணத்தைக் கணக்கில் எடுக்கும் வசதி இருப்பது நல்லது. ஆனால் பரணில் உட்காரும் வில்காரருக்கு அது உயிர்நாடி என்று அவர் அடித்துச் சொல்வது கணக்கில் நிற்காது. 20 அடி உயரப் பரணிலிருந்து, மரத்தடிக்கு 20 கெஜம் தள்ளி நிற்கும் மானை அளந்தால் 21 என்று காட்டும். ஒரே ஒரு கெஜ வித்தியாசம். மான் 30 கெஜத்துக்குப் போனால் வித்தியாசம் ஒரு கெஜம்கூட இராது. கொலராடோ மலையில் எல்க் மானைத் தேடிப் போகிறவருக்கு விஷயம் வேறு. 30 டிகிரி சரிவில் 400 கெஜம் என்று காட்டினால் சுட வேண்டியது 346 கெஜத்துக்குத்தான். அங்கே 400க்கு என்று குறியை ஏற்றினால் குண்டு குறிக்கு மேலே போய்விடும். இந்த வசதி இன்று 200 டாலருக்குள் விற்கும் பல கருவிகளில் இருக்கிறது. புஷ்னெல் நிறுவனம் 1990களின் நடுவில் பொதுமக்களுக்கான லேசர் ரேஞ்ச்ஃபைண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலத்து நிலைமையை வைத்துக்கொண்டு இன்றைக்கு விலை பேசக் கூடாது.

மலிவுக் கருவிகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. கட்டுரையாளர் காட்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். காட்ட வேண்டிய இடத்தை அவர் காட்டவே இல்லை.

முதல் குறை எழுத்து. மலிவுக் கருவிகள் பலவற்றில் எண் கறுப்பாக, எல்சிடி திரையில் தெரியும். பகலில் சிக்கலில்லை. மான் வெளியே வருவதோ பொழுது புலரும்போதும் சாயும்போதும். இருண்ட மரங்களின் மேல் கறுப்பு எண்ணைப் படிக்க முடியாது. கருவி சரியாக அளந்திருக்கும், நமக்குத் தெரியாது. சிவப்பு ஒளியில் எண் காட்டும் கருவிக்கு இன்னும் ஐம்பதோ நூறோ டாலர் கூடக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கலாம், அதுதான் நியாயமான செலவு. அதிலும் ஒளியைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த மங்கலில் சிவப்பு வெளிச்சமே கண்ணைக் கூசவைத்து மானை மறைத்துவிடும்.

இரண்டாவது, கற்றை. லேசர் ஒரு புள்ளியாகப் போவதில்லை, போகப்போக விரியும். 300 கெஜத்தில் மூன்றடிக்கு மேல் விரியும் கருவிகள் உண்டு. மானின் நெஞ்சு உயரம் ஒன்றரை அடி அளவுதான். மீதி ஒளி பக்கத்துப் புல்லில் விழும். அதைவிட மோசம், கண்ணாடிக்குள் தெரியும் குறிவட்டம் ஓரிடத்திலும் உண்மையான கற்றை வேறிடத்திலும் இருப்பது. மலிவுக் கருவிகளில் இது அடிக்கடி நேர்கிறது. கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பின்னால் வெறும் வானமோ மிகத் தூரத்து மலையோ இருக்கும்படி தனியாக நிற்கும் ஒரு கம்பத்தைப் பாருங்கள். குறிவட்டத்தை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மெல்ல நகர்த்திக்கொண்டே அளவெடுங்கள். எந்த இடத்தில் கம்பத்தின் தூரம் தோன்றி எந்த இடத்தில் மறைகிறதோ, கற்றை அங்கேதான் இருக்கிறது. குறிவட்டத்திலிருந்து கணிசமாக விலகியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே மாடலில் ஒன்று சரியாகவும் அடுத்தது பிசகியும் வரும். விலையுயர்ந்ததை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, மின்கலம். விஸ்கான்சின் நவம்பர் குளிரில் கருவி அணைந்தால், சட்டைப்பையில் இருக்கும் சிஆர்2 லித்தியம் கலத்தை மாற்றிப் போட அரை நிமிடம் ஆகும். வயர் சொருகிச் சார்ஜ் ஏற்றும் கருவிகள் இப்போது மலிவில் நிறைய வருகின்றன. வீட்டில் வசதிதான், பரணில் அணைந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். இவற்றை விட்டுவிட்டு, எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆறு மடங்கு போதும். மானைத் தேடுவதற்கு பைனாகுலர் இருக்கிறது, இது அளப்பதற்கு. விலை தீர்க்காத குறையும் ஒன்று உண்டு: பனிமூட்டத்திலும் கொட்டும் பனியிலும் ஒளி நீர்த்துளிகளில் பட்டே திரும்பிவிடும், 3,000 டாலரைத் தாண்டும் ஸ்வரோவ்ஸ்கி கருவிகூட அங்கே திணறும்.

கடைசியாக, அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள். அவர்கள் கண்ணால் அளந்தார்கள் என்பது உண்மை. ஆனால் என்ன தூரத்தில்? அடர்ந்த காட்டில், வின்செஸ்டர் 1894 மாடலில் .30-30 தோட்டா போட்டு, 150 கெஜத்துக்குள் சுட்டார்கள். அருகே நெருங்கத் தெரிந்திருந்தது, நெருங்க முடியாவிட்டால் விட்டுவிடத் தெரிந்திருந்தது. அவர்களுடைய கண்ணை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, அவர்கள் தூரத்துக்குப் போட்ட கட்டுப்பாட்டைக் கைகழுவிவிட்டுப் புதியவரை அனுப்புகிறார் கட்டுரையாளர். பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் விலங்கைக் கண் ஏமாற்றும். பனி படிந்த வெளியில் ஏமாற்றும். மங்கிய வெளிச்சத்தில் ஏமாற்றும். 400 கெஜத்தில் நிற்பதை 300 என்று நினைத்துச் சுட்டால் அதே .308 குண்டு பதினாறு, பதினேழு அங்குலம் கீழே போகும். நெஞ்சுக்குப் பதில் கால்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பயிற்சியைத் தருவதும் இந்த மலிவுக் கருவிதான். பரணில் ஏறி உட்கார்ந்ததும், மான் வருவதற்கு முன்பே, சுற்றியுள்ள பாறை, ஓக் மரம், வேலிக்கம்பம் ஒவ்வொன்றின் தூரத்தையும் முதலில் கண்ணால் கணித்துப் பிறகு அளந்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்த மான் அந்த ஓக் மரத்தைத் தாண்டினால் 40 கெஜம் என்று தெரியும், கருவியைத் தொடவே வேண்டாம். அசையாத மரத்தை 40 கெஜத்தில் அளக்க 2,000 கெஜக் கருவி தேவையில்லை.

ஆகவே புதிதாக வருகிறவர் 150 டாலருக்கோ 200 டாலருக்கோ ஒன்றை வாங்கி, மேலே சொன்ன கம்பத்துச் சோதனையைச் செய்துவிடட்டும். மிச்சமாகும் 300 டாலருக்குத் தோட்டா வாங்கி அக்டோபர் முழுக்கச் சுடுதளத்தில் பழகட்டும். மேசையில் சாய்ந்து சுடக் கூடாது, முழங்காலிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே 100 கெஜத்திலும் 200 கெஜத்திலும் சுட்டுப் பார்க்கட்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் எல்லாக் குண்டும் விழும் தூரம் எதுவோ, அந்தப் பருவத்தில் அவருடைய எல்லை அது. அது 120 கெஜம் என்று வந்தால் 121ஆவது கெஜத்தில் நிற்கும் மானை அவர் போகவிட வேண்டும், கையில் எத்தனை டாலர் கருவி இருந்தாலும்.